சொட்டில் தொடங்கும் பசியாறல்: மருத்துவமனையில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டுதல், முழுமையான வழிகாட்டி

ஒரு மில்லி சிரிஞ்சு. அதன் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் சீம்பால். கோட்டைப் பார்த்தால் 0.4 மி.லி. பிரசவ வார்டிலிருந்து அதைச் சுத்தமான துணியில் சுற்றி எடுத்து வந்த அப்பா, என் கையில் கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். "சிஸ்டர், இவ்வளவுதான் வந்துச்சு. மன்னிச்சிருங்க." பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் இந்த மன்னிப்பைப் பல பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இது ரெண்டு வேளைக்கு வரும் சார்."

ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, நிஜமான கணக்கு. அந்தப் பிரிவில் பால் மருந்தைப் போல அளக்கப்படுகிறது. 0.2 மி.லி. ஒரு வேளை. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பெற்றோரின் பாதி பயம் போய்விடும். நர்ஸ் சொல்வது ஏன், டாக்டர் இன்று ஏன் பாலை நிறுத்தினார், நாளை ஏன் 3 மில்லி கூட்டினார் என்பதெல்லாம் விளங்கும். பிறந்த முதல் மணியிலிருந்து வீட்டுக்குப் போகிற நாள்வரை என்னென்ன நடக்கும், அதில் உங்கள் வேலை எது என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் குழந்தைக்கான அளவை மட்டும் அதைக் கவனிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். இங்குள்ள எண்களை அவரிடம் கேள்வி கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில்: ஏன் நேராக மார்பில் போட முடிவதில்லை?

37 வாரம் முடியும் முன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். 32 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகக் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன் என்றால் இன்னும் கவனம் கூடுதலாக வேண்டும்.

பால் குடிப்பது என்பது மூன்று வேலை: உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவதற்குப் பெரும்பாலும் 32 முதல் 34 வாரம் ஆகிறது. அதற்கு முன் வாயில் பாலை ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. இரைப்பையும் குடலும்கூட வேலைக்குப் புதிது. வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை கொழுப்பு, இரும்பு, கால்சியம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். முன்னதாக வந்துவிட்ட குழந்தையிடம் அந்தச் சேமிப்பு இல்லை. ஆக, தேவை அதிகம், வாங்கிக்கொள்ளும் திறன் குறைவு. குறைமாதக் குழந்தையின் உணவுத் திட்டம் எல்லாமே இந்த இழுபறிக்கு நடுவில்தான் போடப்படுகிறது.

படி 1: முதல் 6 மணி நேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

குழந்தை வேறு அறையில் இருக்கிறது, அம்மா களைத்துப் படுத்திருக்கிறார், அறுவை சிகிச்சை என்றால் வலி வேறு. எல்லாரும் "முதலில் ஓய்வெடுங்கள், பால் அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் உடம்புக்கு அது தெரியாது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பால் சுரப்பதற்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. முதல் சில நாளில் மார்பைக் காலி செய்யச் செய்யத்தான் எவ்வளவு பால் வேண்டும் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்குங்கள். முடியாவிட்டால் 6 மணி நேரத்துக்குள். அம்மாவால் உட்கார முடியாவிட்டால் படுத்தபடியே நர்ஸ் உதவலாம்.

முதல் ஒன்றிரண்டு நாளுக்குக் கைதான் நல்லது. சீம்பால் கெட்டியானது, அளவும் சொட்டுத்தான். பம்ப் போட்டால் குழாயிலும் புட்டியிலும் ஒட்டியே வீணாகிவிடும். கையால் எடுப்பது இப்படி:

சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். மார்பை விரல்நுனியால் மெதுவாக வட்டமாகத் தடவிக்கொடுங்கள், இரண்டு நிமிடம் போதும். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி. இப்போது இரண்டு விரலையும் நெஞ்சுப் பக்கமாக உள்நோக்கி அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. தோலின்மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வலித்தால் விரல் வைத்த இடம் சரியில்லை என்று அர்த்தம். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராமல் இருக்கும், விட்டுவிடாதீர்கள். சொட்டு தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவர் சிரிஞ்சின் முனையால் அதை உறிஞ்சி எடுக்கலாம். சொட்டு நின்றதும் விரலைக் கொஞ்சம் சுற்றி வேறு இடத்தில் வைத்து மறுபடி. இப்படி இரண்டு மார்பிலும் மாற்றி மாற்றி.

24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை எடுக்க வேண்டும். இரவில் குறைந்தது ஒரு முறை. அதைத் தவிர்க்காதீர்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும். 5 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் பால் நன்றாக இறங்கத் தொடங்கும். குறைப்பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். பால் இறங்கியதும் பம்ப்புக்கு மாறலாம். இரண்டு மார்புக்கும் ஒரே நேரத்தில் போடும் பம்ப் கிடைத்தால் நேரம் மிச்சம். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், கடைசியில் கையாலும் ஒரு முறை எடுத்தால் கொழுப்பு நிறைந்த பால் வரும்.

இரண்டு வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு 500 மி.லி. அளவில் வந்துகொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். குழந்தைக்கு இன்றைக்கு அவ்வளவு தேவைப்படாது, ஆனால் ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தேவைப்படும். அப்போது கூட்டிக்கொள்ளலாம் என்றால் முடிவதில்லை. இரண்டு வாரத்துக்குள் சுரப்பு ஏறாமல் போனால் பிற்பாடு ஏற்றுவது ரொம்பக் கஷ்டம்.

குழந்தையின் அருகே உட்கார்ந்து எடுத்தால் கூடுதலாக வரும். அது முடியாதபோது குழந்தை படுத்திருந்த துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்தவர்களுக்கும் பால் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அம்மா ஏதாவது மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான மருந்துகளுக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு நாள் எடுத்த பாலைக் கொடுக்கக் கூடாது என்றாலும் எடுப்பதை நிறுத்தாதீர்கள்.

படி 2: கன்னத்தில் சீம்பால்

குழந்தை வென்டிலேட்டரில் இருந்தாலும், வயிற்றுக்குப் பால் கொடுக்க டாக்டர் இன்னும் சம்மதிக்காவிட்டாலும், இதைச் செய்யலாமா என்று கேளுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு கன்னத்தின் உட்பக்கமும் 0.1 மி.லி., மொத்தம் 0.2 மி.லி. சீம்பாலைச் சிரிஞ்சாலோ பஞ்சுக் குச்சியாலோ தடவுவார்கள். அது தொண்டைக்குப் போகத் தேவையில்லை. சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் வாயின் உட்தோல் வழியாகவே வேலையைத் தொடங்கும் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம். அம்மாவோ அப்பாவோ இதைச் செய்ய அனுமதிக்கும் இடங்கள் உண்டு. கையைக் கழுவிக்கொண்டு, நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். நாக்கு லேசாக அசைந்து ருசி பார்ப்பது தெரியும். கருக்காலம் 26 வாரமே ஆன குழந்தையிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

தேன், சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர் இவை ஒரு சொட்டுகூட வேண்டாம். யார் சொன்னாலும்.

படி 3: ட்ரிப்ஸ் வழியாகச் சத்து

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் பலருக்கும், 1,500 கிராமுக்குக் கீழே உள்ளவர்கள் பலருக்கும், முதல் நாளிலிருந்தே ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள் போகும். தொப்புள் வழியாகப் போட்ட குழாயிலோ, கையிலிருந்து பெரிய ரத்தக்குழாய்வரை செல்லும் மெல்லிய குழாயிலோ ஏறும். கொழுப்புச் சிரிஞ்சு பால் போல வெள்ளையாக இருப்பதால், "ரத்தத்தில் பால் ஏற்றுகிறார்களா?" என்று பெற்றோர் திடுக்கிடுவார்கள். அது பால் இல்லை. வயிற்றுக்குக் கொடுக்கும் பால் கூடக்கூட இதைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்கள். நீண்ட நாள் இருந்தால் தொற்றும் கல்லீரல் சிரமமும் வரலாம் என்பதால், டாக்டர்களும் இதைச் சீக்கிரம் எடுக்கத்தான் பார்ப்பார்கள்.

படி 4: டியூபும் முதல் பாலும்

வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைவரை ஒரு மெல்லிய டியூப் போடுவார்கள். மூக்கிலிருந்து காதுவரை, அங்கிருந்து மார்பெலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்பகுதிவரை அளந்து, அந்த நீளத்துக்கு உள்ளே விட்டு, கன்னத்தில் டேப் ஒட்டுவார்கள். சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் திரவத்தை இழுத்து அமிலக் காகிதத்தில் தொடுவார்கள், பிஹெச் 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இரைப்பை. டியூபில் எழுதியிருக்கும் சென்டிமீட்டர் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டேப் தளர்ந்து அந்த எண் மாறியிருந்தால் பால் கொடுக்கும் முன் நர்ஸிடம் சொல்லுங்கள்.

முதல் பால் வயிறு நிறைக்க இல்லை. குடலை எழுப்ப. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 மி.லி. போல. காலியாகக் கிடக்கும் குடலின் உட்தோல் மெலிந்து போகும், அதனால் முதல் நாளிலிருந்தே கொஞ்சம் பால் கொடுப்பதுதான் இப்போதைய நடைமுறை. முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போட்டுக் காத்திருந்தார்கள்.

கணக்கைப் பார்ப்போம். குழந்தை 1,200 கிராம். கிலோவுக்கு 20 மி.லி. என்றால் ஒரு நாளைக்கு 24 மி.லி. இரண்டு மணிக்கு ஒரு முறை, 12 வேளை. வேளைக்கு 2 மி.லி. அரை டீஸ்பூன்கூட இல்லை. நாளை கிலோவுக்கு 30 மி.லி. கூட்டினால் நாளுக்கு 36 மி.லி. கூடும், அதாவது வேளைக்கு 3 மி.லி. ஆக 2, 5, 8, 11, 14 என்று ஏறி, ஆறாம் நாளில் வேளைக்கு 15 மி.லி. ஆகிவிடும். அது கிலோவுக்கு 150 மி.லி., முழுப் பால். பிறகு தேவைக்கேற்ப 160, 180 வரை போவார்கள். உங்கள் குழந்தையின் எடையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நர்ஸின் தாளில் எழுதியிருக்கும் எண் அந்நியமாகத் தெரியாது.

பாலை வேகமாகக் கூட்டலாமா, மெதுவாகக் கூட்ட வேண்டுமா என்பது வெகுநாள் விவாதம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,800க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு நாளுக்கு 18 மி.லி. கூட்டியவர்களையும் 30 மி.லி. கூட்டியவர்களையும் ஒப்பிட்டார்கள். குடல் நோயிலோ, ரத்தத் தொற்றிலோ, இரண்டு வயதில் வளர்ச்சிக் குறைபாடு இல்லாமல் பிழைத்திருப்பதிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளும் கிலோவுக்கு நாளுக்கு 30 மி.லி. வரை கூட்டலாம் என்கின்றன. எனவே உங்கள் டாக்டர் வேளைக்கு 3 மில்லி கூட்டினால் அவசரப்படுகிறார் என்று எண்ண வேண்டாம். குழந்தை மிகச் சிறியதாக இருந்தாலோ, கர்ப்பத்தில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ அவர் மெதுவாகப் போவதற்கும் காரணம் இருக்கும்.

டியூபில் பால் கொடுப்பதைப் பெற்றோர் கற்றுக்கொள்ளலாம், கேளுங்கள். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, குழந்தையின் தலைக்கு மேலே சுமார் ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் பால் தானாக இறங்கும். வேகமாகப் போனால் தாழ்த்துங்கள். தண்டை வைத்துத் தள்ளவே கூடாது. மெஷினில் வைத்துத் தொடர்ந்து பால் போகிறது என்றால் ஒரு விஷயம்: பாலின் கொழுப்பு மேலே மிதந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும், கடைசிவரை குழந்தைக்குப் போகாது. சிரிஞ்சின் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்தால் கொழுப்பு முதலில் போய்ச் சேரும்.

பால் நிறுத்தப்படும் நாள்கள்

நிச்சயம் வரும். ஒரு வேளை நிறுத்துவார்கள், அல்லது ஒரு நாள், அல்லது கூட்டாமல் அதே அளவில் வைப்பார்கள். பெரும்பாலும் அடுத்த நாள் மறுபடி தொடங்குவார்கள்.

எதற்குப் பயப்பட வேண்டாம்? கொஞ்சம் கக்குவது சகஜம். மூக்கு வழியாகக் காற்று அழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவியில் இருக்கும் குழந்தையின் வயிறு காற்றால் பம்மென்று இருக்கும். தொட்டால் மெதுவாக, குழந்தையும் சுறுசுறுப்பாக இருந்தால் அது வெறும் காற்று. முதல் கருப்பு மலம் முழுதாகப் போகச் சில நாள் ஆகலாம். ஒவ்வொரு வேளைக்கும் முன் வயிற்றில் மிச்சம் இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். அதனால் நன்மை பெரிதாக இல்லை, பால் கூட்டுவதுதான் தள்ளிப்போனது.

எதைப் பார்த்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்? பச்சை நிறத்தில் வாந்தி. வயிறு இறுகி, தோல் பளபளவென்று இருப்பது. மலத்தில் ரத்தம். நேற்றுவரை கைகால் ஆட்டிய குழந்தை துவண்டு கிடப்பது. மூச்சு நின்று நின்று வருவது திடீரென அதிகமாவது. தோல் வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல ஆவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும், "தப்பாக நினைப்பார்களோ" என்று தயங்காதீர்கள். குடலின் உட்சுவர் அழுகும் நோய் ஒன்று உண்டு, சுருக்கமாக நெக் என்பார்கள். மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்து இரண்டு மூன்று வாரத்தில், எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும் நேரத்தில் வரும். சந்தேகம் வந்தாலே பாலை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். சீக்கிரம் பிடிப்பதில் அம்மாவின் கண்ணுக்கு ஈடில்லை. "இவன் இன்னைக்குச் சரியில்ல சிஸ்டர்" என்று ஓர் அம்மா சொன்னால் நான் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நெக் வரும் வாய்ப்பு குறைவு. அந்த 0.4 மி.லி.யின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

படி 5: அம்மாவின் பால் போதாதபோது

வரிசை இதுதான்: முதலில் சொந்த அம்மாவின் பால், அடுத்து பால் வங்கியின் தானப் பால், அதுவும் கிடைக்காதபோது குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தயாரித்த ஃபார்முலா. உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. இன்றைய வங்கிகள் கொடையாளிக்குத் தொற்று இருக்கிறதா எனச் சோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்துத் தருகின்றன. அந்தச் சூட்டில் எதிர்ப்புச் சத்தில் ஒரு பகுதி போய்விடும், புரதமும் குறைவாக இருக்கும். ஆனாலும் ஃபார்முலாவோடு ஒப்பிட்டால் நெக் குறைகிறது. ஃபார்முலாவில் அந்த ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. சோதிக்காத பாலைத் தெரிந்தவர்களிடம் நேராக வாங்கிக் கொடுப்பது வேண்டாம்.

ஃபார்முலா கொடுக்க வேண்டி வந்த அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது உங்கள் தோல்வி இல்லை. உடல்நலம் காரணமாகப் பால் தர முடியாதவர்கள் உண்டு, எவ்வளவு முயன்றும் வராதவர்களும் உண்டு. அந்தக் குழந்தைகளும் வளர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

படி 6: பாலில் கலக்கும் சத்துத் தூள்

"என் பால் நல்லது என்று சொல்லிவிட்டு ஏன் அதில் பவுடர் கலக்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது. 100 மி.லி. தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 முதல் 1.5 கிராம். கிலோவுக்கு 160 மி.லி. குடித்தால் 1.6 முதல் 2.4 கிராம் கிடைக்கும். மிகக் குறைமாதக் குழந்தைக்கு நாளுக்குத் தேவை கிலோவுக்கு 3.5 முதல் 4 கிராம். கலோரியும் அப்படித்தான்: 160 மி.லி.யில் 105, 110 கிடைக்கும், தேவையோ 115 முதல் 140. கால்சியமும் பாஸ்பரஸும் போதாவிட்டால் எலும்பு வலுவிழக்கும். இந்தப் பற்றாக்குறையை நிரப்பத்தான் ஃபார்ட்டிஃபையர் என்ற சத்துக் கலவை. கலந்த பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 80 கலோரி இருக்கும். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1.5 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இதை யோசிப்பார்கள். எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் தேவைப்படாது. நீங்களாக எதையும் கலக்காதீர்கள், அளவு மாறினால் குடல் தாங்காது.

வைட்டமின் டி சொட்டு மருந்தாகச் சேரும், பொதுவாக நாளுக்கு 400 யூனிட்டிலிருந்து. இரண்டு வார வயதுக்குப் பிறகு இரும்புச்சத்து, கிலோவுக்கு 2 முதல் 4 மி.கி. அதன்பிறகு மலம் கருமையாகப் போனால் திடுக்கிட வேண்டாம்.

எடுத்த பாலை எப்படி வைப்பது

சுத்தமான மூடியுள்ள புட்டி, ஒரு முறைக்கு ஒரு புட்டி. பெயர், தேதி, எடுத்த நேரம் எழுதாத புட்டியை வார்டுக்குள் அனுப்பாதீர்கள். பக்கத்துக் குழந்தையின் அம்மாவும் இதே புட்டிதான் வைத்திருக்கிறார். அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 2 முதல் 4 நாள், மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே உள்ள ஃப்ரீசரில் 3 மாதம்வரை வைக்கலாம். உங்கள் மருத்துவமனை இதைவிடக் கறாராக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை நிறுத்தினால் போதும். பம்ப்பின் பாகங்களை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, நாளுக்கு ஒரு முறையாவது கிருமி நீக்கம் செய்யுங்கள்.

படி 7: நெஞ்சோடு நெஞ்சாக

கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைத்து, துணியால் கட்டிவிடுவது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் உயிரிழப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. நாளுக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் இன்னும் கூடுதலாக. அப்பாவும் செய்யலாம். டியூபில் பால் போய்க்கொண்டிருக்கும்போதே செய்யலாம். முடிந்த கையோடு அம்மா பால் எடுத்தால் வித்தியாசம் புட்டியில் தெரியும்.

படி 8: டியூபிலிருந்து வாய்க்கு

பொறுமை மிகவும் வேண்டிய கட்டம் இது. தேதி குறித்துச் செய்ய முடியாது, குழந்தைதான் சொல்லும். கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும், பால் நேரத்துக்கு முன் தானாக விழிக்கும்.

முதலில், பால் எடுத்துக் காலியான மார்பில் போடுங்கள். டியூபில் பால் இறங்கிக்கொண்டிருக்க, குழந்தை முகர்ந்து நக்கிப் பழகட்டும். வாயில் சப்பும் நேரமும் வயிறு நிறையும் நேரமும் ஒன்றாக வருவதால் இரண்டுக்கும் உள்ள தொடர்பை அது கற்றுக்கொள்கிறது. சில நாளில் இரண்டு மூன்று முறை உறிஞ்சிவிட்டுத் தூங்கும். அதுவும் முன்னேற்றம்தான். பிறகு ஐந்து, ஆறு உறிஞ்சல், ஒரு ஓய்வு, மறுபடி. வலது மார்பில் குடிக்க வைப்பதென்றால் இடது கையால் குழந்தையைத் தாங்குங்கள். கழுத்தும் தலையின் அடிப்பகுதியும் உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும், வலது கை மார்பைப் பிடிக்கட்டும். சின்னக் குழந்தையின் தலை உடம்புக்குப் பாரமானது, தாங்கல் இல்லாவிட்டால் காம்பிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும்.

மார்பில் எவ்வளவு குடித்தது என்று தெரிய வேண்டுமானால், அதே துணியோடு முன்னும் பின்னும் எடை போடுவார்கள். ஒரு கிராம் கூடினால் சுமாராக ஒரு மில்லி. 8 கிராம் கூடியிருந்தால் மீதியை டியூபில் கொடுப்பார்கள்.

அம்மா பக்கத்தில் இல்லாத வேளைகளுக்குக் கோப்பையோ, ஸ்பூனோ, பாலாடையோ. பாலாடை என்ற நம் சொல்லே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளில் இடம்பெற்றிருப்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். குழந்தையை நன்றாக நிமிர்த்தி உட்கார்த்தி, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்துப் பால் உதட்டைத் தொடும்படி மட்டும் சாய்த்தால், நாக்கை நீட்டி நக்கி எடுத்துக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றாதீர்கள். குழந்தை விழுங்கும்வரை அடுத்த சொட்டு வேண்டாம்.

விரல்களை அகல விரிப்பது, புருவம் சுருங்குவது, வாயோரம் பால் வழிவது, உதடு நீலம் பாய்வது, மூச்சு வாங்குவது: இதில் ஏதாவது தெரிந்தால் நிறுத்துங்கள். களைத்த குழந்தைக்கு மீதி டியூபில் போகட்டும். "கொஞ்சம்தானே மிச்சம்" என்று முடிக்க வைப்பதில் குழந்தைக்கு லாபம் ஒன்றும் இல்லை.

எடை பார்க்கும் தராசு

முதல் வாரத்தில் எடை குறையும், 10 சதவீதம் வரைகூட. உடம்பில் இருந்த கூடுதல் நீர் போகிறது. பிறந்த எடையைத் திரும்பத் தொட ஏறக்குறைய இரண்டு வாரம். அதன்பிறகு கிலோவுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்லது. நம் 1,200 கிராம் குழந்தைக்கு 18 முதல் 24 கிராம். தலைச் சுற்றளவு வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. ஒரு நாள் எடையை வைத்து அழாதீர்கள், சந்தோஷமும் படாதீர்கள். மலம் போனதா, எந்தத் தராசு, டியூபும் டேப்பும் மாற்றினார்களா என்பதிலேயே 20 கிராம் மாறும். ஒரு வாரத்துக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

34 முதல் 36 வாரக் குழந்தைகள்

பார்க்க நிறைமாதம் போலவே இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். அம்மாவோடு அறைக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனால் பசித்து அழ மாட்டார்கள், இரண்டு வாய் குடித்ததும் தூங்கிவிடுவார்கள். சர்க்கரை குறைவதும் மஞ்சள் காமாலையும் இவர்களுக்குச் சுலபமாக வரும். மூன்று மணிக்கு ஒரு முறை எழுப்பிக் கொடுங்கள். மார்பில் குடித்த பிறகும் அம்மா பால் எடுத்து, அதைக் கோப்பையில் கொடுப்பது முதல் சில நாளுக்கு நல்லது.

வீட்டுக்குப் போகும் முன்

எல்லா வேளையும் வாயாலேயே குடிக்க வேண்டும், சில நாளாக எடை ஏற வேண்டும், சாதாரணத் துணியில் உடம்புச் சூடு நிற்க வேண்டும், மூச்சு நிற்கும் தொந்தரவு தீர்ந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நாளுக்கு எத்தனை வேளை, ஒரு வேளைக்கு எவ்வளவு, சத்துத் தூள் தொடருமா, இரும்பும் வைட்டமினும் எத்தனை சொட்டு, எடை பார்க்க எப்போது வர வேண்டும், இரவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு முழு நாள் இரவும் பகலும் நீங்களே பார்த்துக்கொள்ள, வார்டிலேயே தங்க அனுமதி கேளுங்கள்.

அப்புறம், வார்டு ஃப்ரீசரில் உங்கள் பெயர் எழுதிய புட்டிகள் மீதமிருக்கும். பரபரப்பில் நிறையப் பேர் அதை மறந்துவிட்டுப் போகிறார்கள். ஐஸ் பெட்டி ஒன்று கொண்டுவந்து, கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.